காலையில் வீங்கும் விரல்கள்

அருணாதேவியின் விரல்கள் பொய் சொல்கின்றன. போர்மேன் சங்கரபாண்டியனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

காலையில் கம்பெனி வேனைவிட்டு இறங்கும்போது இரண்டு கையும் வீங்கியிருக்கும். திரியை எடுத்தால் நழுவும். மதியம் நெருங்கினால் போதும், அதே விரல்கள் பட்டாசுக்குத் திரி வைக்கிற வேகத்தில் பக்கத்தில் இருப்பவள் வாயைப் பிளப்பாள்.

வேலை செய்தால் வலி கூடும். அவருடைய முழங்காலே சாட்சி; சாயங்காலமானால் மாடிப்படியைப் பார்த்தே முனகும். வேலை செய்யச் செய்யக் குறைகிற வலி எந்த ஊரில் இருக்கிறது? ஆக, ராத்திரி முழுக்க வீட்டில் திருட்டுத்தனமாகப் பட்டாசு சுற்றுகிறாள். வெளியே தெரிந்தால் கம்பெனி லைசென்சுக்கே வேட்டு. கையும் களவுமாகப் பிடித்து, இன்றோடு அவளை நிறுத்திவிட வேண்டியதுதான்.

விடிந்ததும் விஸ்வநத்தத்தில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இந்தா வாரேன், அண்ணாச்சி."

வரவில்லை. உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது. தாழ்ப்பாள் லேசாக அசைந்து நின்றது. மறுபடி அசைந்தது.

சரக்கை ஒளிக்கிறாள்.

"என்னத்தா, உள்ள லோடு ஏத்துறியா? தொற."

"தொறக்கத்தான் பாக்கேன். அங்கன இருந்து கதவை இழுத்துப் பிடிங்க."

பிடித்தார். தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு உள்ளங்கையாலும் அதைத் தள்ளியிருக்கிறாள்.

உள்ளே நுழைந்தார். வெடிமருந்து வாடை இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், செருப்புதான் இருந்தது. அடுப்பருகே ஒரு சட்டியில் வெந்நீர்.

"எதைத் தேடுதீக?"

"ராத்திரி என்ன வேலை பாக்க?"

"தூக்கம். அதுலதான் கை இறுகிப்போகுது. வெந்நியில வச்சு மடக்கி நீட்டுனா மெல்ல இளகும்."

"வேலை செஞ்சா வலி கூடத்தான செய்யும்? என் மொழங்காலைப் பாரு."

"உங்களுக்குத் தேய்மானமா இருக்கும். எனக்கு முடக்குவாதம். நம்ம உடம்பே நம்ம மூட்டைத் தாக்குதாம். பெரியாஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்துச் சொன்னாக. மாத்திரையை விட்டா விரல் கோணிருமாம்."

இரண்டு கையிலும் ஒரே கணுக்கள், ஒரே மாதிரி புடைத்திருந்தன.

"ஏன் மறைச்ச?"

"சொன்னா வேலையில வப்பீகளா?"

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் பூட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர், அதை வாங்கித் தானே பூட்டினார்.

"காலையில காலி அட்டைப்பெட்டியை அடுக்கு. கை இளகினப்புறம் திரிக்கு வா."

அருணாதேவி சாவியை வாங்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்கு திடீர்னு இம்புட்டு நல்லவரா மாறுதீக?"