வடியவிடாத தண்ணீர்

1
இந்தக் கதை எனக்கு ஒரு பஞ்சரால் கிடைத்தது. 1983இல் ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்குக் கிளம்பிய பஸ் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. டயர் மாற்றும் வரை, வெளுத்துக் கிடந்த ஒரு வயலோரம் புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். செல்வநாதன், பிலோமினாள் என்ற பெயர்கள் நான் வைத்தவை.

2
முதல் ஆரம்பம்: ‘நிலவொளி உறைந்தது போன்ற களர் நிலத்தில்…’

அடித்துவிட்டேன். நிலவொளியில் நெல் விளையாது. விஷயம் இதுதான்: களர் மண்ணில் கார உப்பு அதிகம், வேர் இறங்காது. ஜிப்சம் போட்டு உழுது, தண்ணீர் கட்டி, சில நாள் கழித்து அதை வடித்துவிட வேண்டும். உப்பு அதோடு போய்விடும்.

[அந்தப் பக்கத்தில் மடை திறப்பது தண்ணீரை உள்ளே விடத்தான். வெளியே விடுவது யாருக்கும் பழக்கமில்லை.]

3
செல்வநாதன் வடிகாலை மண் போட்டு அடைத்திருந்தான்.

“கெணத்துத் தண்ணிய ஓடையில வுடச் சொல்றியா? இன்னாமே, பைத்தியமா?”

“வெவசாய ஆபீசரு வடிச்சு வுடத்தானே சொன்னாரு? போன வருசமும் அடைச்சீங்க. நாத்து இன்னா ஆச்சுங்க? கருகிப் போச்சு.”

“இந்த வாட்டியும் வெளையலன்னா வாணியம்பாடிக்குத் தோல் வேலைக்குப் போய்ட்றேன்.”

“நீங்க போவக் கூடாதுன்னுதாங்க சொல்றேன்!”

வரப்பில் ஒரு மஞ்சள் பை இருந்தது. உள்ளே வேட்டி மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

4
முதல் பிரதியில் அவனை முட்டாளாக எழுதினேன். பிறகு வெட்கமாகிவிட்டது. கோடையில் கிணற்றின் அடிப்பாறையைப் பார்த்தவனுக்குத் தண்ணீரை விரட்ட எப்படிக் கை வரும்?

முடிவு ஒன்று: அவள் வடிகாலை வெட்டுகிறாள், வயல் பச்சையாகிறது. அரசாங்க நாடகம் மாதிரி இருந்ததால் கிழித்தேன்.
முடிவு இரண்டு: அவன் பையை எடுத்துக்கொண்டு… இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

5
ஆகவே பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பிலோமினாள் வயல் தண்ணீரைக் கையில் அள்ளி நீட்டினாள்.

“குடிச்சுப் பாருங்க. இதையா சேத்து வெக்கிறீங்க?”

குடித்தான். சவக்காரத்தைக் கடித்தவன் போல் முகம் சுளித்துத் துப்பினான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடைப்பின் மேல் ஏறி நின்றான். அவன் கண்களில்…

தெரியாது. கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

முதல் வளைவில் வாணியம்பாடி பஸ் எதிரே இறங்கியது. வயலோரத்தில் யாராவது அதற்குக் கை காட்டினார்களா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன், அது உங்கள் கிணற்றுத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.