முப்பத்தொன்றுக்கு ஒரு முகம்

என் மனைவி தாட்சாயினியின் முதுகைப் பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். விமானத்தில் முன் இருக்கைப் பையில் செருகியிருக்கும் பத்திரிகையைப் புரட்டுகிற பழக்கம் இருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பனிமலைக்கு முன்னால், இடிந்த கோட்டை வாசலில், மிதக்கும் சந்தையின் மரப்பாலத்தில், மஞ்சள் துப்பட்டா போட்ட ஒரு பெண் அந்தப் பக்கம் பார்த்தபடி நிற்பாள். அது அவள்தான். இந்தப் பக்கம் நின்று "திரும்பாத, திரும்பாத" என்று கத்திக்கொண்டிருந்தவன் நான்.

எங்கள் தொழிலின் பால பாடம் இது. பயணப் படத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மலை எத்தனை பெரிசு என்று தெரியாது. ஆனால் முகம் தெரியக் கூடாது. முகம் தெரிந்தால் அது அவள் பார்த்த மலை. முதுகு மட்டும் தெரிந்தால் படிக்கிறவன் அங்கே தன்னை நிறுத்திக்கொள்வான், டிக்கெட்டும் வாங்குவான். மூன்று பயிலரங்குகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆள் வைத்தால் கூலி கேட்பான், மனைவி என்றால் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றோடு முடிந்துவிடும் என்றும் சேர்த்துச் சொல்வேன். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

போன மாதம் அவள் இறந்துபோனாள். ஐம்பத்தாறு வயது. பெட்டியின் தலைமாட்டில் வைக்க அவசரத்துக்கு அவளுடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கினோம். அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

பேச்சு எழுந்தது முப்பத்தோராம் நாளுக்காக. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்து பினாங்கிலேயே தங்கிவிட்ட வம்சம். அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். கல்வெட்டு என்று பெயர். தேவாரம், குடும்ப வரலாறு, யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் உள்ளே இருக்கும். அட்டையில் போனவரின் முகம். சொந்தக்காரர் வீடுகளில் அந்த முகம்தான் பிறகு வருஷக்கணக்கில் இருக்கும்.

"ஐசி படம் மறுபடி வேணாம்ப்பா," என்றாள் மகள் சிந்துஜா. "அதுல அம்மா போலீஸ்ல பிடிபட்ட மாதிரி இருக்காங்க. அம்மா மாதிரியே ஒண்ணு குடுங்க. நீங்க ஃபோட்டோகிராஃபர்தானே?"

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பிச் சொன்னாள்.

பதினோரு ஹார்ட் டிஸ்க். நான்கு நாள் உட்கார்ந்தேன். யாக் எருமை ஒன்றின் முகம் அறுபத்து மூன்று இருந்தது. பெருவில் ஒரு லாமா மிருகம், எடுத்து முடித்ததும் என் மேல் துப்பிய அதே லாமா, நாற்பத்தாறு. தாட்சாயினிக்கு ஒன்றுகூட இல்லை. கல்யாண ஆல்பம் இருந்தது. அதில் இருப்பவள் இருபத்தாறு வயது மணப்பெண். அந்த முகத்தை அட்டையில் போட்டால் வருகிறவர்கள் யார் செத்தது என்று கேட்பார்கள்.

அவள் திரும்பாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் திரும்புவாள். வெயிலில் இருபது நிமிஷம் நின்றுவிட்டு, "போதுமாங்க?" என்று கேட்கத் திரும்புவாள். ஷட்டர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நான் ஒழுக்கமான தொழிலாளி. கழிவுப் படங்களை அன்று சாயங்காலமே ஓட்டல் அறையில் உட்கார்ந்து அழித்துவிடுவேன். அவள் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள்.

"அது நல்லாத்தானே இருக்கு?"

"நீ திரும்பிட்டம்மா."

அழுத்துவேன். போய்விடும். ஃபிலிம் காலத்தில் வீட்டுக்கு வந்து நெகட்டிவைக் கத்தரித்தேன். முப்பது வருஷம், முப்பத்தொரு நாடு. நானே என் விரலால்.

சிந்துஜாவின் கைப்பேசியில் இல்லையா என்று கேட்பீர்கள். பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டிலும் தாட்சாயினி முகத்துக்குக் குறுக்கே உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்றீங்கன்னு கேட்டா, 'வீட்ல ஆளு வச்சிருக்கேன், அவரு எடுப்பாரு, நீ போடி'ன்னு சொல்வாங்க," என்றாள் சிந்துஜா.

நான் கோப்பி கலக்குவதாகச் சொல்லி எழுந்து போனேன். வெகுநேரம் கலக்கினேன்.

கல்வெட்டு அடிப்பது சூலியா தெருவில் சல்மாவின் அச்சகம். கல்யாண அட்டை, கடைத்திறப்பு, நினைவு மலர், எல்லா மதத்துக்கும் எல்லாக் காரியத்துக்கும் அவள்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை காலையில படம் கையில இல்லன்னா எனக்கு வேற வழி இல்லலா. முகம் இல்லாம எப்படி அடிக்கிறது? ஊரு உலகத்தையெல்லாம் எடுக்கறீங்க, அக்காவ எடுக்கலியா?"

"எடுத்தேன். பின்பக்கமா."

"அல்லா!" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி, அந்த ஐசி படத்தைக் குடுங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டர் சிரிக்க வச்சிடும். ரெண்டு நிமிஷம்."

உண்மையிலேயே இரண்டே நிமிஷம். திரையில் தாட்சாயினி சிரித்தாள். வாழ்நாளில் அத்தனை பல்லை அவள் ஒரே தடவையில் காட்டியதில்லை. சிந்துஜாவுக்கு அனுப்பினேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து உடனே அழைத்தாள்.

"யாருப்பா இந்தப் பொம்பளை?"

அப்புறம் குரல் உடைந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து அவள் எனக்குக் கேட்கும்படி அழுதது அதுதான் முதல் தடவை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினோரு டிஸ்க்கும் தேடினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மை. கேமராப் பையைத் தேடவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. பை அலமாரியில் இருந்தது. அவள் போன நாளிலிருந்து திறக்கவில்லை. அதற்குள் இருந்த கார்டு, என் வாழ்க்கையில் நான் கழிவு நீக்காத ஒரே கார்டு. அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

அன்று காலை வெல்ட் கீ படகுத்துறைக்குப் போயிருந்தோம். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பத்திரிகை சொந்த ஊரைக் கேட்டிருந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கமிருந்து சூரியன் ஏறும்போது படகு வரும், கைப்பிடிக் கம்பி ஓரம் மஞ்சள் துப்பட்டா, பின்னால் துறைமுகம். வெளிச்சம் வந்தபோது படகு வரவில்லை. படகு வந்தபோது மேகம். அடுத்த படகுக்குக் காத்திருந்தோம்.

"முதுகு வலிக்குதுங்க," என்றாள்.

"முதுகுதான் இன்னிக்கு ஸ்டாரு. கொஞ்சம் நிமிந்து நில்லு."

சிரித்தாள். முதுகைப் பார்த்தே அவள் சிரிப்பதைச் சொல்லிவிடுவேன், அத்தனை அனுபவம் எனக்கு. நிமிர்ந்தும் நின்றாள்.

பகல் இரண்டு மணிக்கு, கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தாள். மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ். பெண்களுக்குச் சில சமயம் மாரடைப்பில் நெஞ்சு வலிக்காது, முதுகில்தான் தெரியும் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். காலையில் அவள் ஏதாவது சொன்னாளா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். சிந்துஜா பக்கத்தில் நின்றிருந்தாள்.

வியாழக்கிழமை பகலில் பையைத் திறந்தேன். இருநூற்றுப் பதினான்கு படங்கள். முதுகு, முதுகு, முதுகு, படகு. நூற்று எண்பத்து மூன்றாவதில் திரும்பியிருந்தாள்.

நான் ஃபோகஸ் வைத்திருந்தது படகின் மேல். ஆனால் இந்தப் புதுக் கேமராக்கள் எங்கேயாவது ஒரு கண்ணைக் கண்டால் நம்மைக் கேட்காமல் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குணத்தை நான் திட்டாத நாள் இல்லை. படகு மங்கியிருந்தது. தாட்சாயினியின் இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. பக்கவாட்டு வெயில், மேலுதட்டில் வியர்வை, ஏதோ சொல்ல வந்து பாதி திறந்த வாய். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. நான் எப்போது கவனிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற முகம். வலது கை இடது தோளை அழுத்திப் பிடித்திருந்தது.

அதைவிட நல்ல முகப்படம் நான் யாருக்கும் எடுத்ததில்லை. எடுக்கும்போது நான் பார்க்கவும் இல்லை.

அரைமணி நேரம் அழுதுவிட்டு, நான் செய்த முதல் காரியம் அந்தக் கையை வெட்டியது. கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முகம் மட்டும். யாருக்கும் எதுவும் தெரியாது.

சாயங்காலம் பாலம் தாண்டி சிந்துஜா வந்தாள். திரையைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாதான்," என்றாள். தொடப்போய், திரையில் கைரேகை படும் என்று விரலை இழுத்துக்கொண்டாள். "எப்பப்பா எடுத்தது? எந்த ஊரு?"

ஏதாவது ஒரு நாட்டின் பெயர் போதும். முப்பத்தொன்று கைவசம் இருந்தது.

"இங்கதான்," என்றேன். "அன்னிக்குக் காலையில."

முழுப் படத்தையும் திறந்தேன். கையைக் காட்டினேன். முதுகு வலிக்கிறது என்று அவள் சொன்னதைச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும், அந்த அசட்டு ஜோக்கையும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். டாக்டரிடம் பொய் சொன்னதைச் சொன்னேன்.

"எவ்ளோ நேரம் நின்னாங்க?"

"முக்கால் மணி நேரம். ரெண்டு படகு."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சமையலறையில் குழாயைத் திறந்தாள், ஏற்கனவே கழுவிவைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள். எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"கையை வெட்டாதீங்க," என்றாள். "முழுசா குடுங்க சல்மாக்காகிட்ட."

அதற்கப்புறம் ஆறு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் ஆள் மூலம் வந்தது. உப்பெல்லாம் சரியாகவே இருந்தது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் நூற்றிருபது பேர் வந்தார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் சிந்துஜா கல்வெட்டுகளை அடுக்கி எடுத்துவந்து ஒவ்வொரு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். தாட்சாயினியின் ஒன்றுவிட்ட அக்கா கமலாம்பிகை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"தோளைப் பிடிச்சிட்டு என்ன ஒரு ஒய்யாரமா நிக்கிறா! இப்பதான் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருக்கு. எடுத்தது யாரு, பிள்ள?"

நான் எதிர் வரிசையில் தூணோரம் நின்றிருந்தேன். சிந்துஜா என் பக்கம் பார்த்தாள். ஆறு நாளுக்குப் பிறகு.

"அப்பாதான் பெரியம்மா," என்றாள்.

கமலாம்பிகை அக்கா அங்கிருந்தே என்னைப் பார்த்து, ரொம்ப நல்லா வந்திருக்கு என்று கையைக் காட்டினார். பக்கத்திலிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். சிந்துஜா அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருந்தாள்.