பன்னிரண்டரை மணிக்குத் துள்ளும் கப்பல்

எங்கள் விண்கப்பலுக்கு எஞ்சின் கிடையாது. ஒரு மைதானத்தையே மூடும் அளவுக்குப் பெரிய, மெல்லிய பாய் ஒன்று உண்டு. வெயில் அதைத் தள்ளத் தள்ள, மூன்று கோடி கிலோமீட்டர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆன்டெனா. கப்பலின் சிக்னல் ஒன்றுக்கு முன்னாலும் இன்னொன்றுக்கு இம்மி பின்னாலும் வந்து சேரும். அந்த இம்மியை வைத்துக் கப்பல் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடுவோம். கண்ணை மூடியிருந்தாலும், கூப்பிடுகிறவர் எந்தப் பக்கம் என்று நம் இரண்டு காதும் சொல்லிவிடுகிறதே, அது மாதிரி.

முதல் ஆன்டெனாவில் நான். இரண்டாவதில் என் வீட்டுக்காரர். இடைவெளி குடும்பத்துக்கும் நல்லதுதான்.

மூன்று வாரமாகக் கப்பல் பேயாட்டம் ஆடியது. பகல் பன்னிரண்டரைக்கு இருநூறு கிலோமீட்டர் பக்கவாட்டில் துள்ளும். இரண்டு மணிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய இடத்தில் நிற்கும். அதுவும் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் மட்டும்.

இந்த வியாழக்கிழமையும் துள்ளியதும் எங்கள் திட்டத் தலைவர் முடிவு கட்டிவிட்டார். "பாய் கிழிஞ்சு படபடக்குதும்மா. மூணு மணிக்குச் சுருட்டிடலாம்."

ஒருமுறை சுருட்டினால் அந்தப் பாய் திரும்ப விரியாது. என் ஆறு வருட உழைப்பு அத்தோடு சரி.

"கிழிஞ்ச பாய் கிழமை பாத்தா சார் படபடக்கும்?"

"அப்போ காரணத்தை நீயே கண்டுபிடி. மூணு மணி வரைக்கும் டைம்."

எரிச்சலோடு போய் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். வீட்டுக்காரர் சமையல். ஜில்லென்று இருந்தும் ருசியாக இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். அப்போதுதான் பொறி தட்டியது. செவ்வாய், வியாழன் அவர் சமையல். மற்ற மூன்று நாள் என் சமையல். அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியே வைத்திருக்கிறோம். ஆன்டெனா பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்புக்குத் தடை. அது போடும் இரைச்சலில் கப்பலின் குரல் காதில் விழாது.

போன் போட்டேன். "ஏங்க, சாப்பாட்டை எங்க வச்சு சூடு பண்றீங்க?"

"ரிசீவர் பெட்டி மேலதான். சூடான காத்து வர்ற ஓட்டை இருக்குல்ல, அதை மூடுற மாதிரி வச்சிடுவேன். ஏன்?"

ஓட்டையை அடைத்தால் சிக்னலை வாங்கும் அந்தப் பெட்டி உள்ளே கொதிக்கும், சிக்னல் இம்மி தாமதமாகும், இங்கே ஸ்க்ரீனில் கப்பல் துள்ளும். ஆள் கையும் டப்பாவுமாக மாட்டிக்கொண்டார்.

"அப்போ திங்கள், புதன், வெள்ளி?"

போனில் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"நீ சமைக்கிறது சூடு பண்ணாமலே..."

"வாசல்ல ஒரு பூனை குண்டாயிட்டே வருதுன்னு சொன்னீங்களே."

"அது பாவம், எதைப் போட்டாலும் சாப்பிடும்."

இரண்டே முக்காலுக்குக் கூட்டம். பன்னிரண்டு பேர், ஸ்பீக்கரில் அவர் வேறு. டப்பா கதையைச் சொன்னேன். தலைவர் மசியவில்லை.

"டப்பான்னா தினமும்ல துள்ளணும்? மத்த மூணு நாள் ஏன் துள்ளல?"

என் மானம் கப்பலேறினால்தான் கப்பல் பிழைக்கும் என்று புரிந்தது.

"மத்த மூணு நாள் நான் சமைக்கிறேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை. தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "பாயைச் சுருட்ட வேண்டாம். இனிமே பெட்டி மேல யாரும் டப்பா வைக்கக் கூடாது," என்றார்.

வெள்ளிக்கிழமை நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. பேச்சுவார்த்தையும் இல்லை. திங்கட்கிழமை மனசு கேட்காமல் சமைத்து, டப்பாவை அவர் முன்னால் நங்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

பன்னிரண்டரைக்குக் கப்பல் துள்ளியது.

"மறுபடியுமா!" என்று தலைவர் அலறினார். என் போனில் ஒரு வரி வந்திருந்தது: "சூடு பண்ணிட்டேன். ஸ்க்ரீனைப் பாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கப்பலையே நகர்த்தி எந்தப் புருஷன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான்?

சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பி வந்தது. சூடு பண்ணியதைச் சொல்ல இரண்டு ஆன்டெனா போதும். சாப்பிட்டது அவரா பூனையா என்று தெரிய மூன்றாவது வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.