அடுப்படியில் சொன்னது

திங்கட்கிழமை காலை அந்தக் கம்ப்யூட்டர்காரர் ஆபீசுக்குள் நுழைந்த தோரணை இருக்கிறதே, அடேயப்பா, புது மாப்பிள்ளை தோற்றான்! இருக்காதா பின்னே? சனி, ஞாயிறு இரண்டு நாளும் தனியாக உட்கார்ந்து, அந்த லாரி கம்பெனியின் மெயில் மென்பொருளையும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் புரோகிராம் எழுதும் மென்பொருளையும் ஒரே மூச்சில் அப்கிரேடு செய்து முடித்திருந்தார். எல்லா மெஷினும் ஜம்மென்று திறந்தன. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "பிரமாதம் சார்" என்றார்கள். மனுஷன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு காபி குடித்தார்.

காபி ஆறுவதற்குள் லாரி ஷெட்டிலிருந்து போன். வாடிக்கையாளர் மெயில் அனுப்பினால், அதைப் படித்து, சரக்குச் சீட்டு தயாரித்துத் தானாகவே பதில் அனுப்புகிற புரோகிராம் ஒன்று உண்டு. அது படுத்துவிட்டது. சீட்டு இல்லாமல் எந்த லாரியும் கேட்டைத் தாண்டாது. டிரைவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றார்கள். இங்கே திரையில் ஜாவா எர்ரர் சிவப்புச் சிவப்பாக வரிமேல் வரியாகக் கொட்டிக்கொண்டே இருந்தது.

அதில் ஒரு வரியாவது அவர் படித்தாரா? கிடையாது. "அப்கிரேடு பக்காவா இருக்கு. புரோகிராம்தான் அரதப்பழசு, எழுதினவங்களைப் போய்க் கேளுங்க" என்று ஹாலில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார்.

எழுதினது யார் தெரியுமா? அவருடைய சம்சாரம்.

ஆபீசில் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக நடந்துகொள்வதே இல்லை. அவள் அவரை "சார்" என்பாள், அவர் "மேடம்" என்பார். ஒரே பாத்திரத்திலிருந்து பிரித்துக் கட்டிய சாப்பாட்டை ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். புருஷன் தயவில் இருக்கிறாள் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது, அது அவள் வைராக்கியம். அந்த வைராக்கியத்துக்குப் பலன் கிடைக்கவேண்டிய நாளும் அன்றைக்குத்தான் வந்து தொலைத்தது. புரோகிராம் பிரிவின் தலைவர் வேலையை விட்டுப் போகிறார். அந்த இடம் அவளுக்கா, பக்கத்து மேசை நெட்டையனுக்கா என்று மேனேஜர் சாயங்காலம் சொல்வதாக இருந்தது. அவளுக்குத்தான் என்று ஆபீசே பேசிக்கொண்டிருந்தது.

பாவம், காலை முழுக்க அவள் குனிந்த தலை நிமிராமல் தன் புரோகிராமைத் துழாவினாள். நடுவில் ஒருதரம் எழுந்து அவரிடம் வந்தாள்.

"சார், ஜாவா ஃபோல்டர்ல அந்த அனுமதி ஃபைல், பழசு அப்படியேதானே இருக்கு?"

"எல்லாம் இருக்கு மேடம். நீங்க உங்க பக்கத்தைப் பாருங்க."

பார்க்காமலேதான் சொன்னார். அவள் அதை நம்பித் திரும்பிப் போய் மறுபடியும் முதலிலிருந்து தேட ஆரம்பித்தாள்.

மத்தியானம் அவர் சர்வர் அறையில் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து எர்ரரின் முதல் வரியைப் படித்தார். அனுமதி இல்லை, அதனால் ஓட முடியவில்லை என்று அது காலையிலிருந்து பட்டவர்த்தனமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அனுமதி ஃபைலைத் திறந்தார். கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. அவளுடைய புரோகிராம் எதையெல்லாம் தொடலாம் என்று அவள் எழுதி வைத்திருந்த வரிகளில் ஒன்றுகூட இல்லை. அப்கிரேடு பழைய ஃபைலைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு ஒன்றை வைத்திருந்தது.

அப்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. போன வாரம், அடுப்படி. அவள் குக்கரைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, அப்கிரேடு பண்றதுக்கு முன்னாடி ஜாவா அனுமதி ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க. முடிஞ்சதும் திரும்பப் போட்டுடுங்க. இல்லேன்னா என் புரோகிராம் நின்னுடும்." அவர் போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். "கேட்டீங்களா?" என்றாள். அதற்கும் ஒரு "ம்" போட்டார்.

வாராந்தர பேக்கப்பிலிருந்து பழைய வரிகளை எடுத்து ஒட்டி ஓடவிட்டார். சீட்டுகள் மடமடவென்று போக ஆரம்பித்தன. ஹாலில் யாரோ விசிலடித்தார்கள். அப்போதே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? வெட்கத்தில் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மீட்டிங். எதற்கெடுத்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பதால் மேனேஜருக்குப் பட்டப்பெயரே 'சுருக்கம்'தான்.

"என்ன ஆச்சு? சுருக்கமா சொல்லுங்க."

"ஒரு அனுமதி ஃபைல் அப்கிரேடுல அழிஞ்சுபோச்சு சார். திரும்பப் போட்டுட்டேன்."

"அழியும்னு முன்னாடியே உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

சொன்னாங்க சார், நான்தான் காதில் வாங்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். சுருக்கமாகவும் இருந்திருக்கும். ஆனால் காலையில் ஹாலில் அடித்த சவடால் குறுக்கே வந்து நின்றது. பாழாய்ப்போன வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"எனக்கு யாரும் சொல்லலை சார்."

அவள் அவரைப் பார்த்தாள். முறைத்திருந்தால்கூடத் தேவலை. தனக்குத்தான் சரியாகக் காது கேட்கவில்லையோ என்பதுபோலப் பார்த்தாள்.

"ஏன் மேடம், வீட்லகூடச் சொல்லலையா?" என்று சுருக்கம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல சார். மறந்துட்டேன். என் தப்புதான்."

சுருக்கத்தின் சிரிப்பு அடங்கியது. ஒரு வார்த்தை மறந்ததில் இத்தனை லாரி நின்றுபோயிற்றே என்றார். பிரிவை இனி நெட்டையன் பார்த்துக்கொள்வான் என்றார். கடைசியாக, கண்டுபிடித்துச் சரிசெய்த சாருக்கு எல்லாரும் ஒரு கைதட்டு என்றார். தட்டினார்கள். மனுஷனுக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது காரில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"நான் நாளைக்கு உண்மையைச் சொல்லிடறேன்மா."

"வேண்டாம்."

"இல்லம்மா, என்னால தாங்க முடியலை."

"மறந்துட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. இனிமே நீங்க மாத்திச் சொன்னா, புருஷனுக்காகப் பொய் சொன்னவள்னுதான் என்னைச் சொல்வாங்க. வெறும் மறதிக்காரின்னா அடுத்த தடவையாவது பதவிக்கு என்னைப் பார்ப்பாங்க. தயவுசெஞ்சு விட்டுடுங்க."

விட்டாரா? ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்ததில், மனசிலிருந்து இதை இறக்கி வைத்தால் போதும் என்பது மட்டும்தான் நினைவிலிருந்தது. அவள் என்ன சொன்னாள், ஏன் சொன்னாள் என்பதெல்லாம் போன இடம் தெரியவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக சுருக்கத்தின் கண்ணாடி அறைக்குள் போய், குக்கர், மேட்ச், "ம்" எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டார். கண்கூடக் கலங்கியது.

சுருக்கம் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப அவங்க நேத்து என்கிட்ட சொன்னது பொய்யா?"

"எனக்காகத்தான் சார். என்னைக் காப்பாத்தறதுக்காக."

"நீங்க வந்து சொன்னது பெரிய மனசு சார். உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. யார்தான் வீட்ல ஒழுங்கா காது குடுத்துக் கேட்கிறோம்?" அவர் பெருமூச்சு விட்டார். "மறதிதானே, அடுத்த பிரிவு காலியானதும் மேடத்துக்குக் குடுத்திடலாம்னு நினைச்சிருந்தேன். ஆனா வீட்டு ஆளுக்காக மேலதிகாரிகிட்டயே பொய் சொல்றவங்களை நம்பி எப்படிங்க ஒரு பிரிவைக் குடுக்கிறது? நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது."

கம்ப்யூட்டர்காரர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். சுருக்கம் அடுத்த மெயிலைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்தால், அவள் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நெட்டையன் இருந்ததையோ, ஹாலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்ததையோ அவள் பொருட்படுத்தவில்லை.

"சொல்லிட்டீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்னு சொன்னேனேங்க" என்றாள்.