யாராக இருந்தாலும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல, பத்து நிமிடப் பேச்சாகப் பிறந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் அறிவியல் டீச்சர் ஒருநாள் இறங்கி வந்தார். "ஆறாம் வகுப்புக்குப் பாலியல் கல்வி வகுப்பு வருது. அதுக்கு முன்னாடி பெத்தவங்களைக் கூப்பிட்டு விளக்கணும். நான் பேசினா பாடம் நடத்துற மாதிரி இருக்கும். யாருக்கும் கோபம் வராம நாலு வார்த்தை எழுதிக் குடுங்களேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். கூட்டம் முடிந்து வந்தவர், "நல்லாத்தான் போச்சு. ஒருத்தர் மட்டும் எழுந்து போயிட்டார்" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

அந்த வகுப்பறையில் ஒரு கனத்த மௌனம் நில—

(வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் என்றைக்கு மௌனம் நிலவியிருக்கிறது?)

பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த பெற்றோர், டீச்சர் 'மாதவிலக்கு' என்றதும் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் அவசரச் செய்தி வந்திருக்க வேண்டும். ஓர் அம்மா மட்டும், "இதெல்லாம் நமக்கு யார் சொன்னா? நாம வளரலையா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "வளர்ந்தோம், தப்புத் தப்பா" என்றார். கூட்டம் சிரித்தது. டீச்சருக்கு மூச்சு வந்தது.

பிறகு பாடத்தின் கடைசிப் பகுதியை விளக்கினார். பிடிக்காத விதத்தில் யார் தொட்டாலும் 'வேண்டாம்' என்று சொல்லலாம். நம்பிக்கையான ஒருவரிடம் உடனே போய்ச் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும், மாமாவாக இருந்தாலும், அப்பாவாக இருந்தாலும்.

கடைசி பெஞ்சில் இருந்து ஒருவர் எழுந்தார். லிஃப்ட் மெக்கானிக். கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். "என் பொண்ணுக்கு இந்த வகுப்பு வேணாம்" என்றார். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சம்மதிக்காத வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பு நடக்கும்போது நூலகத்தில் உட்கார வேண்டும். பள்ளியின் விதி அது.

3

இந்நேரம் உங்களுக்கு மெக்கானிக்மேல் சந்தேகம் வந்திருக்கும். வரவில்லை என்று சொல்லாதீர்கள். அவரை உண்டாக்கிய எனக்கே வந்தது. டீச்சருக்கும் வந்தது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள்.

[ஓரக்குறிப்பு: வேண்டாம் என்பவர்களில் பெரும்பாலோர் கூச்சத்தால்தான் சொல்கிறார்கள் என்றும் அதே பயிற்சியில் சொன்னார்கள். அந்த வாக்கியம் டீச்சருக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை.]

மறுநாள் டீச்சர் அந்தப் பெண்ணைக் கவனித்தார். வகுப்பில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். அறிவியல் புத்தகத்தில் எலும்புக்கூட்டுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள். அடுத்தவளின் அழிப்பானைத் திருடிவிட்டு, தேடவும் உதவி செய்தாள். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், ஒன்றுமில்லாததையும் உற்றுப் பார்க்க வைத்துவிடுகிறது.

4

டீச்சர் மெக்கானிக்கைத் தேடிப் போனார். (வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், பேச முடியாது.) ஓர் அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே தடுப்பு. பெட்டியை மேலே நிறுத்திவிட்டு, அவர் கீழே பள்ளத்தில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். டீச்சரின் கால் மட்டத்துக்கு அவர் தலை தெரிந்தது. டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்.

"அவ மட்டும் வெளிய உக்காந்தா, மத்த பிள்ளைங்க சாப்பாட்டு நேரத்துல அரைகுறையா சொல்லிக் குடுத்துடுவாங்க" என்றார்.

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் என்னங்க?"

மெக்கானிக் கம்பிக் கயிற்றைப் பார்த்தபடியே பேசினார். "பெரியவளும் உங்ககிட்டதான் படிச்சா. ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"டிவி பாத்துக்கிட்டே என் தோள்ல சாஞ்சு தூங்கிடுவா. நான்தான் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வைப்பேன். உங்க வகுப்பு நடந்த அன்னிக்கு சாயங்காலம் வந்தா, ஒரு தடவை என்னைப் பாத்தா, தள்ளி உக்காந்தா. இன்னிவரைக்கும் தள்ளித்தான் உக்காந்திருக்கா. நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்."

"அது அந்த வயசுங்க. எல்லாப் பொண்ணுங்களும்..."

"இருக்கலாம். ஆனா அவங்கம்மா போனப்புறம் வீட்ல நாங்க மூணே பேர். சின்னவளும் அப்படிப் பாத்துட்டா நான் எங்க போவேன்?"

டீச்சருக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் பொங்கியது. சந்தேகமும் போகவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தன.

"ஒண்ணு பண்ணுங்க" என்றார் மெக்கானிக். "அந்த 'அப்பாவா இருந்தாலும்'கிறதை மட்டும் விட்டுடுங்க. நான் சம்மதிக்கிறேன். மத்ததெல்லாம் அவ படிக்கணும். எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாது."

5

இங்கே நான் ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் போதும்: அந்த மெக்கானிக் ஒரு பாவமும் அறியாதவ—

எழுதிவிட்டால் கதைக்குள் அது உண்மையாகிவிடும். எனக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் டீச்சரின் காதில் அதை யார் போடுவது? அந்த வாக்கியம் கையில் இல்லாமல்தான் அவர் தினமும் வகுப்புக்குள் நுழைகிறார். அடித்துவிட்டேன்.

கைவசம் சில முடிவுகள் இருக்கின்றன.

டீச்சர் ஒப்புக்கொள்கிறார். வாலு வகுப்பில் இருக்கிறாள். அந்த வார்த்தை வராமல் பாடம் முடிகிறது. நடு வரிசையில் வேறு வீட்டுப் பிள்ளை ஒன்று, அந்த ஒரு வார்த்தை வருமா வருமா என்று டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு... இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

டீச்சர் மறுக்கிறார். வாலு நூலகத்தில் உட்காருகிறாள். இரவு அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். அழகான முடிவுதான், அவர் நல்லவராக இருந்தால்.

மெக்கானிக் பள்ளத்திலிருந்து ஏறி வந்து, "விட வேணாம் டீச்சர். யாரா இருந்தாலும்னா நானும்தான்னு நானே அவகிட்ட சொல்லிடறேன்" என்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் இதே வசனத்தைக் கெட்டவனும் சொல்லலாம், இதைவிட நன்றாகவே சொல்லலாம். அதனால் இதுவும் வேண்டாம்.

6

ஒன்று மட்டும் உறுதி. டீச்சரைப் பொய் சொல்ல வைக்க என்னால் முடியவில்லை. எத்தனை முறை எழுதினாலும் இதைத்தான் சொல்கிறார்:

"அதை விட முடியாதுங்க. அது யாருக்குத் தேவைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா அவங்ககிட்ட மட்டும் சொல்லிட்டு உங்களை விட்டுடுவேன்."

மெக்கானிக் மறுபடி கம்பிக் கயிற்றைப் பார்த்தார். வகுப்பு நாளைக்கு. சம்மதமா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டும், அவர் வாயில் எதைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பிள்ளை இருந்தால் நீங்கள் போய் அந்தப் பள்ளத்தில் நின்று, அவருக்குப் பதிலாகச் சொல்லுங்கள்.

நீங்கள் என்ன சொன்னாலும் டீச்சர் உங்கள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களையும் அவருக்குத் தெரியாது.