மூச்சு விடும் இடத்தில் என்டர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் எழுதும் எடிட்டர் மென்பொருளின் செட்டிங்ஸில் பிறந்தது. பத்திகளைத் தானாக ஒழுங்குபடுத்தும்படி அதை மாற்றிவைத்தேன். சேவ் செய்ததும், நான் எழுதிக் கைவிட்டிருந்த தொடக்கங்களை எல்லாம் ஒட்டி ஒரே பத்தியாக்கிக் கொடுத்தது:

அன்புக்கரசி கம்ப்யூட்டரைத் திறந்தபோது விம்கோ நகரில் மழை அன்புக்கரசிக்குப் பொறுமை என்பதே அவளுடைய அண்ணன் செங்குட்டுவன் சாவு வீடுகளில்

படிக்கச் சகிக்கவில்லை. அந்த எரிச்சலை அன்புக்கரசிக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

2

செங்குட்டுவன் மரண கானா பாடுகிறவன். காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை எங்கே சாவு விழுந்தாலும் முதல் போன் அவனுக்குத்தான். [இப்போது போன் வருவதில்லை. இருமல். இதை எங்கே சொல்வதென்று தெரியாமல் அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன்.] பாட்டுகளை மொபைலில் அவனே தட்டிவைத்திருந்தான், மூச்சு விடும் இடமெல்லாம் ஒரு என்டர். அவற்றைப் புத்தகமாக்கி, அவன் இருக்கும்போதே அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது தங்கை அன்புக்கரசியின் ஆசை.

பாட்டுகளை எடிட்டரில் போட்டாள். பத்தி ஒழுங்கை ஆன் செய்தாள். கானாவில் ஏது முற்றுப்புள்ளி? புள்ளி இல்லாத வரிகளை எல்லாம் அது இழுத்துக் கோத்து, ஒவ்வொரு பாட்டையும் கிரயப் பத்திரம் மாதிரி ஆக்கிவிட்டது. சேவும் ஆகிவிட்டது. அவன் தட்டிவைத்திருந்த பழைய மொபைலோ எக்ஸ்சேஞ்சில் போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னா தங்கச்சி இது? ஒரே மூச்சுல பாட சொல்றியா?"

"மன்னிச்சுக்கோண்ணா, எல்லாம் ஒட்டிக்கிச்சு. நீ பாடு, நா ஒடச்சிகினே வரேன்."

3

அவன் பாடினான். அவள் என்டர் தட்டினாள். பல்லவி முடிவதற்குள் அவள் விரல் நின்றுவிட்டது. முன்பு நாலு வரியாக இருந்தது அவளுக்கு நினைவிருந்தது, இப்போது ஒன்பது வரியாகியிருந்தது. [இங்கே ஒரு உவமை எழுதி அழித்துவிட்டேன்.] அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது, ஒளிப்பானேன்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?"

"எத்த போடட்டும்ணா? முன்ன பாடுன மாரியா, இப்ப பாடுன மாரியா?"

அவன் இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "பழசே போடு. படிக்கிறவனுக்கு நல்லா மூச்சு கீதுல்ல."

4

முதல் முடிவு: நாலு வரி. அவனுக்கு அதில்தான் மானம். இரண்டாம் முடிவு: ஒன்பது வரி. அண்ணன் இன்றைக்கு இப்படித்தான் இருக்கிறான், அவனைத் திருத்த அவள் யார்? எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது, அதனால் அவள் கை இன்னும் கீபோர்டின் மேலேயே

ஒரு ஆட்டோக்காரரின் சாவுக்கு அவன் பாடியது இது. எடிட்டர் ஒட்டிவைத்தபடியே தருகிறேன். வாய்விட்டுப் பாடிப் பார்த்து, நீங்களே உடைத்துக்கொள்ளுங்கள்.

வாசல்ல ஆட்டோ நிக்குது ஓட்டுனவன காணோம் சவாரி கேட்டுகினு தெருவே கீது எயிந்து வா நைனா இன்னா தூக்கம் இது உன் ஆரன் சத்தம் கேக்காம உன் வூட்டு கொயந்த சோறு துன்னல எங்க பூட்ட மாமு எங்க பூட்ட