மல்லு திருப்பிச் சொன்னவை

1987-ஆம் ஆண்டு ஏப்ரல் பதினோராம் தேதி, மாலை அசர் தொழுகை முடிந்த நேரத்தில், மலேசியாவின் கிள்ளானில், தெங்கு கிளானா சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு மாடி வீட்டில் மல்லு என்ற பூனை பேசத் தொடங்கியது. அது புதிதாக எதையும் சொல்லவில்லை. தன்னிடம் யார் யார் என்னென்ன சொன்னார்களோ அவற்றை மட்டும் சொன்னவர் குரலிலேயே சொன்னது. கடைசியாகக் கேட்டதை முதலில் சொல்லி, பின்னோக்கிப் போனது. அந்த வாரம் பாசார் கடைகளுக்கு நல்ல கெம்போங் மீன் வரவில்லை. தெருவில் இரண்டு செய்தியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பேசப்பட்டன.

பூனைக்கு அப்போது பதினேழு வயது. அப்துல் மஜீதின் கிள்ளான் துணிக்கடையில், பிரிக்காத மல் துணிக் கட்டின் மேல் பிறந்ததால் அதற்கு அந்தப் பெயர். மஜீத் நாகூர்க்காரர். ஊரில் மரியத்தையும் கிள்ளானில் ரம்லத்தையும் மணந்திருந்தார். ஒரு மனைவி கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு மனைவி இந்தப் பக்கமும் இருந்தவரை சண்டை எதுவும் இல்லை. 1972-இல் ஊரில் மரியத்தின் ஒரே மகன் அகமது ஆறு வயதில் காய்ச்சலில் இறந்தான். இரண்டு வருடம் கழித்து, அங்கே இருக்க ஆளில்லாமல், மரியம் கப்பலேறிக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தாள். ஏழு மாதம் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பிள்ளையைப் பற்றி மஜீத் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் வாயைத் திறக்கட்டும் என்று மரியமும் கேட்கவில்லை. 1975 ஜனவரியில் அவர் மௌத்தாகி அடக்கமானார். வீட்டை இரண்டு பேருக்கும் பொதுவாக எழுதிவைத்திருந்தார். விற்க வேண்டுமென்றால் ஒருத்தி மற்றவளிடம் பேச வேண்டும். மரியம் வந்து இறங்கிய நாள் முதல் இருவருக்கும் பேச்சே இல்லாததால் வீடு விற்கப்படவில்லை.

ஒரு வீட்டில் பேசாமல் குடித்தனம் நடத்த முடியாது என்பதால் பூனை வழியாகப் பேசிக்கொண்டார்கள். "மல்லு, தண்ணி டாங்கி ரொம்பி வழியுது, போய்க் குழாய மூடச் சொல்லு" என்பாள் ரம்லத். பூனை நகராது. மரியம் போய் மூடுவாள். "மல்லு, ஆணத்துல புளி கூடிப்போச்சுன்னு ஆக்குனவகிட்ட சொல்லு" என்பாள் மரியம். அடுத்த முறை குழம்பில் புளி குறையும். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி ஓடின. ஒருத்தி வெளியே போயிருக்கும்போது மற்றவள் பூனையிடம் தனியாகவும் பேசினாள். அது கேட்டுக்கொண்டு கண்ணை மூடித் திறக்கும். வேறு யாரிடமும் இருவரும் அவ்வளவு பேசியதில்லை.

1987 மார்ச் மாதத்தில் மல்லு குவளை குவளையாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. குளியலறை வாளியில் தலையை விட்டுக் குடித்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. ரம்லத் அதைப் பிரம்புக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவர் ராதாகிருஷ்ணனிடம் கொண்டுபோனாள். மரியம் பத்தடி பின்னால் நடந்து போனாள். மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கிட்னி ரெண்டுமே முக்கால்வாசி போயிருச்சு ஆன்டி. குணமாக்க முடியாது. வீட்டுலயே தினமும் ட்ரிப் ஏத்துனா கொஞ்ச நாள் ஓடும். ஒரு ஆள் புடிக்கணும், ஒரு ஆள் குத்தணும். தனியா செய்ய முடியாது லா" என்றார். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அடியில் ஊசியை நுழைக்கும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார். ரம்லத்துக்குத் தையல் கை; அவள் குத்துவாள். மரியம் துண்டில் சுற்றி மடியில் பிடித்துக்கொள்வாள். நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியில் உப்புநீர்ப் போத்தலைத் தொங்கவிட்டார்கள். நீர் இறங்க இறங்கப் பூனையின் முதுகில் ஒட்டகத் திமில் போல ஒன்று எழும்பி, பிறகு மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்து வடியும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் இரண்டு பெண்களின் தலைகளும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன. அவ்வளவு பக்கத்தில் அவர்கள் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை.

பேச்சு வந்தது அப்படி ஒரு பத்து நிமிடத்தில்தான். "மல்லு, நாளைக்கு அரிசி வாங்கணும்னு சொல்லு" என்று மரியத்தின் குரல் கேட்டது. மரியம் வாயைத் திறக்கவே இல்லை. முந்தின நாள் சொன்னது அது. ரம்லத் ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பூனையின் முகத்தைப் பார்த்தாள். தொடர்ந்து ரம்லத்தின் குரலே அதிலிருந்து வந்தது. மறுநாள் கூடையோடு மருத்துவரிடம் போனார்கள். அவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து அரை மணி நேரம் கேட்டார். "பிரிச்சு வெளிய தள்ள வேண்டியதை உடம்பு தள்ள மாட்டேங்குது. எல்லாம் உள்ளேயே நிக்குது. வாய் வழியாத்தான் வரும்" என்று சொல்லி, வாந்திக்கு ஒரு மருந்தும் வாய்ப்புண்ணுக்கு ஒரு களிம்பும் எழுதிக்கொடுத்தார். பேச்சுக்கு மருந்து இல்லை என்றார்.

முதல் வாரம் தெரு ஆட்கள் படியேறி வந்து கேட்டார்கள். புளி, டாங்கி, கரண்டு, தேங்காய் என்றே போனதால் அவர்களுக்குச் சலித்துவிட்டது. பக்கத்து வீட்டில் பூக்கட்டும் தங்கமணி மட்டும் அவ்வப்போது வந்து, உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்துப் பூனைக்கு ஊட்டப் பார்த்துவிட்டுப் போவாள். ஒரு நாளின் பேச்சில் பூனை ஒன்றரை மாதம் பின்னால் போனது. மே மாதத்தில் 1984-க்கு வந்தது. ரம்லத்தின் குரல், "ராத்திரியெல்லாம் இருமுறா மல்லு. கஷாயம் வச்சிருக்கேன், நீயே குடிக்கச் சொல்லு, நான் வச்சதா சொல்லாதே" என்றது. மரியம் அந்தக் கஷாயத்தைக் குடித்திருந்தாள். தங்கமணி கொடுத்தனுப்பியது என்று நினைத்திருந்தாள். மே கடைசியில் மரியத்தின் குரல், "இவ ஆக்குற மீனாணம் எங்க உம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்கு. சொல்லிராதே" என்றது. அதே வாரத்தில் அதே குரல், "இவ எப்பச் சாவா, நான் எப்ப நிம்மதியா இருப்பேன்" என்றும் சொன்னது. இருவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஊசியையும் துண்டையும் கவனித்தார்கள். எழுந்து போக முடியாது. போனால் நீர் இறங்காது.

பூனை எந்தத் திசையில் போகிறது என்பது இருவருக்கும் புரிந்திருந்தது. 1975-ஐத் தாண்டினால் மஜீத் வருவார். கடை சாத்தியபின் அவர் மல்லுவைத் தோளில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பது வழக்கம். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. மரியம் இரண்டு வேளை ட்ரிப் ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வந்தாள்.

ஜூன் பதினான்காம் தேதி பூனை 1979-க்கு வந்தது. நீர் பாதி இறங்கியிருந்தபோது ரம்லத்தின் குரல் பூனையின் வாயிலிருந்து வந்தது. "மல்லு, இன்னிக்கு அந்தப் பிள்ளைக்கு வருசப் பாத்திஹா. அவ நெய்ச்சோறு ஆக்கிக்கிட்டிருக்கா. பிள்ளை சீக்கா கெடந்தப்ப அவ எழுதுன கடுதாசி என் கையிலதான் வந்துச்சு. அவர்கிட்ட நான் கொடுக்கல. படிச்சா கப்பலேறிப் போயிருவாரு, திரும்பி வரமாட்டாருன்னு பயந்துட்டேன். அரிசிப் பானைக்கு அடியில வச்சேன். நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் பாத்தா மடிப்பு மாறியிருந்துச்சு. அவரு எடுத்துப் படிச்சாரா, நானே மாத்தி மடிச்சேனான்னு தெரியல. கேக்கவும் பயம். அடுப்புல போட்டுட்டேன்."

ரம்லத் பிடியை விட்டாள். ஊசி வெளியே வந்து நீர் மரியத்தின் மடியை நனைத்தது. மரியம் துண்டை விடவில்லை. ரம்லத் அழுதபடியே தோலைத் தூக்கி இரண்டாம் தடவை குத்தினாள். போத்தலில் மிச்சமிருந்தது முழுவதும் இறங்கும்வரை மரியம் பூனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கூடையில் படுக்கவைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்த் தாழ்போட்டாள்.

இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. ரம்லத் தனியாக ட்ரிப் ஏற்றப் பார்த்தாள். பூனை திமிறி அவள் மணிக்கட்டைக் கீறியது. இரண்டாம் நாள் மாலை அது நுரையாக வாந்தி எடுத்தது. அதன் மூச்சில் மூத்திர வாடை அடித்தது. பேச்சும் நின்றுபோனது. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ரம்லத் பூனையை மடியில் வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தும், நேராகப் பேசும் பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. "மல்லு, எனக்குச் சொல்லத் தெரியலன்னு சொல்லு" என்றாள். மூன்றாம் நாள் காலையில் மரியம் கதவைத் திறந்து வந்து, துண்டை உதறி விரித்து, சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "மல்லு, மருந்துக்கு நேரமாச்சு, வா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் புளியைப் பற்றியும் டாங்கியைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. பூனை மட்டுமே பேசியது. 1978 போனது; 1977 போனது. ஜூலை மாதத்தில் அதன் எடை ஒரு கிலோ நானூறு கிராம். நாக்கின் ஓரங்கள் புண்ணாகியிருந்தன. எச்சில் வடிந்த கழுத்தை ரம்லத் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்த முடியாமல் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, குடிக்காமல், நீரைப் பார்த்தபடி கிடந்தது. மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "ஊசி போட்டு அனுப்பிரலாம் ஆன்டி. இது ரொம்பக் கஷ்டப்படுது" என்றார். ரம்லத் மரியத்தைப் பார்த்தாள். மரியம் விரல்களை மடக்கி எண்ணினாள். 1975-ஐத் தாண்ட இன்னும் பத்து நாள் இருந்தது. மருத்துவர் பையை மூடிக்கொண்டு போனார்.

அந்தப் பத்து நாளைப் பற்றிப் பின்னாளில் இருவரும் பேசியதில்லை. தோல் பிடி கொடுக்காமல் காகிதம் போல ஆகிவிட்டதால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி குத்த வேண்டியிருந்தது. பூனை கத்தவில்லை. அதன் வாயில் மற்றவர்களின் பேச்சு இருந்ததால் கத்துவதற்கு இடமில்லை என்று தங்கமணி சொன்னாள். ஜூலை இருபதாம் தேதி மாலை, அது 1975 ஜனவரிக்கு வந்து சேர்ந்தது. மஜீதின் மைய்யித்தை அடக்கத்துக்கு எடுத்த நாள். வாயைத் திறந்ததும் அழுகை வந்தது. ஒரு குரலில் இரண்டு அழுகைகள். அன்று ஒருத்தி கூடத்திலும் ஒருத்தி பின்கட்டிலும் இருந்து அழுதிருந்தார்கள். நடுவில் பூனை கிடந்திருக்கிறது. எது யாருடைய அழுகை என்று அழுதவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்து வருவது மஜீதின் குரல். பூனையின் உடம்பு ஒவ்வொரு விம்மலுக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. வாய்ப்புண் வெடித்து ரத்தம் மரியத்தின் விரலில் பட்டது.

மறுநாள் காலை ரம்லத் புதுப் போத்தலை ஆணியில் மாட்டி, ஊசியைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மரியம் துண்டை விரிக்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ரம்லத், வேண்டாம். போதும்" என்றாள்.

மஜீத் மௌத்தானபின் பன்னிரண்டரை ஆண்டுகளாக அந்த வீட்டில் உச்சரிக்கப்படாத பெயர் அது. ரம்லத்துக்கு முதலில் பூனைதான் பேசுகிறது என்று தோன்றியது.

"இன்னும் ஒரே ஒரு நாள்தானே லாத்தா. அவரு படிச்சாரா இல்லையான்னு தெரிஞ்சிரும்." மூத்தவளை லாத்தா, அக்கா, என்று அவள் அழைத்ததும் அதுவே முதல் முறை.

"தெரிஞ்சு என்ன செய்ய? இது வாயில ரத்தம் வருது. எடுத்துரு."

ரம்லத் போத்தலைக் கழற்றினாள். அன்றும் மறுநாளும் மல்லுவை மாறி மாறி மடியில் வைத்திருந்தார்கள். பருத்தியை நனைத்து உதட்டில் ஒற்றினார்கள். அது ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில், லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. இரண்டு பேரும் குனிந்தார்கள். வந்தது பூனையின் குரல். சின்னதாக, ஒரே ஒரு தடவை. மூன்று மாதத்துக்கும் மேலாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல். பிறகு கால்களை நீட்டிக்கொண்டது.

அடித்துத் துவைத்த மல் துணியொன்றில் சுற்றிப் பின்புறத்து முருங்கைக்கு அடியில் புதைத்தார்கள். ரம்லத் தோண்டினாள்; மரியம் மண் தள்ளினாள். கையைக் கழுவிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது மரியம் கேட்டாள்.

"அந்தக் கடுதாசியில நான் என்ன எழுதியிருந்தேன்? எனக்கே மறந்துபோச்சு."

நான்கு மாதம் தினமும் எடுத்துப் படித்தவள் ரம்லத். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"பிள்ளைக்குப் பதினாறு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. நீங்கள் வரவேண்டாம், கடையைப் பாருங்கள். பணமும் வேண்டாம். அகமது என்று அவன் பேரைப் போட்டு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அத்தா எழுதியது என்று வாசித்துக் காட்டுகிறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் லாத்தா."

மரியம் எழுந்து உள்ளே போனாள். 1994-இல் அவள் மௌத்தாகும்வரை இருவரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள்; ஆனால் அன்றைக்குப் பிறகு மறுபடி பேசிக்கொள்ளவில்லை. மஜீத் படித்தாரா என்பது யாருக்கும் தெரியாது. பூனை பேசியதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இப்போதும் அங்கே ஒரு கிழட்டுப் பூனை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால், வீட்டுக்காரர்கள் அதை முதலில் மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள்; திரும்பி வந்து, வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அது சொல்வதற்கு முன்னால் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.